கியூ எழுத்தில் தொடங்கும் சின்னச் சொற்கள்: உங்களுக்கு எங்கே அறிமுகமாயின?

கல்லடி, ஆங்கில ஆசிரியை

பாடசாலை விட்ட பிறகு சில நாட்களில் பிள்ளைகளை ஸ்க்ரபிள் விளையாட விடுவேன். ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் ஆக்கிப் புள்ளி சேர்க்கிற விளையாட்டு அது. மொத்தம் 100 கட்டைகள். அதில் கியூ ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி. அப்படியிருந்தும் அது கையில் வந்தால் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. கியூவுக்குப் பின்னால் கட்டாயம் யூ வரும் என்றுதான் எல்லாரும் படித்திருக்கிறோம். யூ இருப்பதோ 4 கட்டைகள்தான். அது யாருடைய கையில் கிடக்கிறதோ!

ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப கத்தார், டீச்சர்?" அவளுடைய அப்பாவுக்கு அங்கேதான் வேலை. நாட்டின் பெயரை இந்த விளையாட்டில் வைக்க முடியாது. ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி. கியூவும் யூவும் ஒட்டிக்கொண்டது பிரெஞ்சு வழி எழுத்தர்களின் பழக்கம். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு குவீன் என்ற சொல்லையே சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். அரபியிலிருந்தும் சீனத்திலிருந்தும் ஹீப்ருவிலிருந்தும் நேரே வந்த சொற்களை அந்தப் பழக்கம் கட்டுப்படுத்தவில்லை. கியூ, ஐ என்று இரண்டே எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. 'ச்சீ' என்று உச்சரிக்க வேண்டும். மூச்சு, உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தி என்று சீன மருத்துவம் சொல்வது அதைத்தான். 11 புள்ளி.

போட்டிக்குப் போகிற பிள்ளைகள் இந்தச் சொற்களைப் பட்டியலாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பொருள் கேட்டால் தெரியாது. விதிப்படி பொருள் தெரியத் தேவையில்லைதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு சொல்லை அது பிறந்த இடத்தோடும் பொருளோடும் தெரிந்துகொண்டால்தான் அது பிள்ளைக்குச் சொந்தம். இவற்றில் பல சொற்களை நம் மாவட்டத்து ஆட்கள் வாழ்க்கையிலேயே சந்தித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அகராதியைப் பார்த்து எழுத வேண்டாம். சந்தித்த கதையை எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.

காத்தான்குடி, முன்பு கப்பலில் வேலை செய்தவர்

டீச்சர், கியூ, ஏ, டி: காத். என் மகள் விளையாடும்போதுதான் இந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்தேன். பொருளை அதற்கு முன்பே கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கள் கப்பல் ஜிபூட்டித் துறைமுகத்துக்குப் போகும். பகல் வெயில் ஏறியதும் அங்கே எல்லாரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எத்தியோப்பியாவிலிருந்து காத் இலை வந்து சேரும் நேரம் அது. ஈரச் சாக்கில் சுற்றிய சிறு சிறு கட்டுகள். சிவப்போடிய கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, ஒவ்வொன்றாக வாய்க்குள் போட்டு, ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். நம் ஆட்கள் வெற்றிலையைச் சப்பித் துப்புகிற மாதிரி இல்லை. சாறு உள்ளே போகும், சக்கை கன்னத்திலேயே சேரும். பின்னேரம் ஆகும்போது கன்னம் தேசிக்காய் அளவுக்குப் புடைத்திருக்கும். முதலில் பேச்சுப் பெருகும், சிரிப்புப் பெருகும். அப்புறம் ஒருவரும் பேச மாட்டார்கள். பசியே எடுக்காது என்று கூட வேலை செய்த யெமன்காரர் சொன்னார். அவர்களுடைய ஊரிலும் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இதுதானாம்.

இலை வாடினால் வீரியம் போய்விடும். அதனால்தான் அவ்வளவு அவசரமாகக் கொண்டுவருகிறார்கள். சவூதியில் இது கடுமையான குற்றம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற தம்பிமார் இந்தச் சொல்லைப் பொருளோடு தெரிந்துவைத்திருப்பது நல்லது. யாராவது 'இலைதானே, கொண்டுபோய்க் கொடு' என்று பொட்டலம் தந்தால் தொடாதீர்கள்.

கல்முனை, பற்சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்

காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) வெற்றிலையைப் பற்றிச் சொன்னதால் என்னுடையதையும் எழுதுகிறேன். வாய்ப் புற்றுநோய் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் 'பீட்டல் குவிட்' என்று வரும். குவிட் என்றால் பிரித்தானியப் பவுண் காசுக்குப் பேச்சுவழக்குப் பெயர் என்றுதான் பலருக்கும் தெரியும். இது வேறு குவிட். வாயில் போட்டு மெல்லுகிற ஒரு பொட்டலம், நம் பேச்சில் 'ஒரு வாய் வெற்றிலை'. மாடு அசைபோடுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'கட்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேர்.

அந்த ஒரு வாயில் என்னென்ன இருக்கிறது என்று தினமும் கேட்டு எழுதுவது என் வேலை. சுண்ணாம்பு எவ்வளவு, பாக்கு காய்ந்ததா ஊறலா, புகையிலை உண்டா, இரவில் கன்னத்தில் வைத்துக்கொண்டே தூங்குகிறீர்களா. வயதான அம்மாமார் வட்டாவையும் பாக்குரலையும் விட்டுப் பிரிய மாட்டார்கள். 'புகையிலை போடுறதில்ல மகள், வெறும் வெத்திலதான்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டையும் தனிப் பாக்கையும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போனால், கன்னத்தின் உள்பக்கம் வெளிறி இறுகினால், நாள் கடத்தாமல் காட்டுங்கள். டீச்சர், பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய் உம்மம்மாவிடம் அவர்களே சொல்வார்கள்.

ஒலுவில்

குவே. எழுத்து அப்படித்தான் இருக்கும், சொல்வது 'கீ'. கப்பல் அணைகிற கட்டிய கரை. இங்கே துறைமுகம் கட்டிய காலத்தில் 'கீ வோல்' என்று வேலைக்காரர் எல்லாருடைய வாயிலும் இருந்த சொல். 2013இல் திறந்தார்கள். பிறகு வாய்ப்பக்கம் மணல் மூடியது, வடக்கே கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. துறைநீலாவணை, அம்பிளாந்துறை என்று ஊர்ப்பெயரில் வரும் துறைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. துறை தானாக அமையும். குவே என்றால் கல்லும் கொங்கிரீட்டும் வேண்டும்.

வாழைச்சேனை

எல்லாருக்கும் தெரிந்த சொல்லை யாரும் எழுதவில்லையே? கியூ! ஐந்து எழுத்து எழுதி முதல் எழுத்தை மட்டும் உச்சரிக்கிற சொல். பிரெஞ்சில் வால் என்று பொருள். 2022இல் மண்ணெண்ணெய்க்கு நின்றோமே, அது வால்தான். விடியற்காலையில் கான்களைக் கயிற்றில் கோர்த்து வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் மதிலோரம் படுத்திருப்பார்கள். எண்ணெய் இல்லாமல் போட் எல்லாம் கரையில். அந்த வருடம் ஜூலையில் எரிபொருள் பாஸுக்கு கியூஆர் வந்தது. அதில் உள்ள கியூ, குவிக் என்ற சொல்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்

டீச்சருடைய கேள்விக்கு நேரான பதில், குர்ஆன் ஓதப் பழக்கும் எங்கள் ஓதப்பள்ளிகளில் இருக்கிறது. அரபியில் இரண்டு 'க' உண்டு. ஒன்று கஃப், நாம் தமிழில் சொல்கிற 'க' போல. மற்றது காஃப், தொண்டையின் அடியிலிருந்து எழ வேண்டும். சின்னப் பிள்ளை அதைச் சரியாகச் சொல்லும்வரை விட மாட்டார்கள். நாவின் அடி உயர்ந்து தொண்டையைத் தொட்டு விலகுகிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது எழுத்துக்குத்தான் ஆங்கிலத்தில் கியூ போடுகிறார்கள். அது சும்மா செய்த தெரிவு இல்லை. பினீசியரின் பழைய எழுத்து ஒன்று கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் கியூ ஆனது. அதே எழுத்து அரமேயம் வழியாக வந்து அரபியின் காஃப் ஆனது. ஹீப்ருவில் அது கோஃப். ஆக, கியூவும் காஃபும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். யூ இல்லாமல் கியூ நிற்பதில் ஆச்சரியமே இல்லை, அது முதலில் அப்படித்தான் நின்றது.

இதில் நம் எல்லாருக்கும் பழக்கமான சொல் காதி. நீதிபதி என்று பொருள். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்றங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. இலங்கைச் சட்ட ஆங்கிலத்தில் கியூ, யூ, ஏ, இசட், ஐ என்று யூவைப் புகுத்தி எழுதுவார்கள். ஆங்கில அகராதிகளில் கியூ, ஏ, டி, ஐ. காகிதத்தில் இரண்டையும் கண்டால் பிள்ளைகள் குழம்ப வேண்டாம், ஒரே சொல்தான்.

கல்லடி, ஆங்கில ஆசிரியை

சேர், தாயும் பிள்ளைகளும் கதையை நாளைக்கே கரும்பலகையில் எழுதப்போகிறேன், மூன்று எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. கோஃபும் விளையாட்டுச் சொல்தான். கியூ, ஓ, பி, எச். 18 புள்ளி வரும். காதிக்கு 14, காக்கா சொன்ன இலைக்கு 12.

வாழைச்சேனைத் தம்பிக்கு: குவிக் என்றால் வேகம் என்பது பிற்காலப் பொருள். முதலில் 'உயிருள்ள' என்பதுதான். நகத்துக்கு அடியில் வெட்டுப்பட்டால் துடிக்கிற அந்த இளஞ்சதைக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் குவிக் என்றுதான் பெயர்.

காத்தான்குடி, முன்பு கப்பலில் வேலை செய்தவர்

தொழும்போது நாங்கள் நோக்குகிற திசை, கிப்லா, அந்தச் சொல் இருக்கிறதா டீச்சர்? மகள் கேட்கச் சொல்கிறாள்.

கல்லடி, ஆங்கில ஆசிரியை

இருக்கிறது காக்கா. கியூ, ஐ, பி, எல், ஏ. 16 புள்ளி. பொருளை அவளே எதிரில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.