ஐரிஷ் வெள்ளிக் கரண்டி, யாழ் முத்திரை இல்லை: ஏமாந்துவிட்டேனா?

சாம்பார்க்கரண்டி: அவசரம். பழைய ஐரிஷ் வெள்ளி என்று சொன்னதை நம்பி ஒரு கரண்டி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிரீடம் வைத்த யாழ் இல்லை, உட்கார்ந்திருக்கும் ஹைபர்னியா (அயர்லாந்தைக் குறிக்கும் பெண் உருவம்) இல்லை, எந்த வருடம் என்று காட்டும் எழுத்தும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பினால்தான் பணம் வரும். போலியா?

மீனலோசனி: படம் எங்கே? நீளம், எடை? யாழ் இல்லை, சரி, வேறு என்னதான் அடித்திருக்கிறது? எந்த ஊரில் வாங்கினீர்கள்?

காந்தக்கை: காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வெள்ளிதான்.

பழையவர்: காந்தக்கை, நிக்கல் கலவையில் செய்து வெள்ளி முலாம் பூசிய கரண்டியும் காந்தத்தில் ஒட்டாது. தம்பி, எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், 1637-இல் டப்ளின் பொற்கொல்லர் சங்கம் சாசனம் வாங்கிய காலத்திலிருந்து வெள்ளியின் தரத்துக்கு அடையாளமாக யாழ், 1730 முதல் வரி கட்டியதற்கு அடையாளமாக ஹைபர்னியா. இதைக்கூடப் பார்க்காமல் பணத்தை நீட்டினால் யார் என்ன செய்ய முடியும்?

சாம்பார்க்கரண்டி: காந்தம் ஒட்டவில்லை. பின்பக்கம் ஸ்டெர்லிங், அதாவது தரமான வெள்ளி, என்று முழு வார்த்தையாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மேலே சி.டி., கீழே ஐ.டபிள்யூ. அவ்வளவுதான்.

கப்பல்காரன்: ஸ்டெர்லிங் என்று முழுசாக அடித்திருந்தால் அமெரிக்கச் சரக்கு. கதை முடிந்தது, திருப்பிக் கொடுங்கள்.

மீனலோசனி: எந்த ஊர் என்று இரண்டாவது தடவை கேட்கிறேன்.

சாம்பார்க்கரண்டி: அயர்லாந்தில் கார்க் நகரம். சொல்லவில்லையா?

மீனலோசனி: அட, அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! கார்க்கில் முத்திரை போடும் அலுவலகமே கிடையாது. டப்ளினுக்கு அனுப்பினால் செலவு, வழிப்பறி பயம் வேறு, அதனால் 18-ஆம் நூற்றாண்டில் கார்க் தட்டார்கள் தாங்களே ஸ்டெர்லிங் என்று அடித்துக்கொண்டார்கள். லிமெரிக்கிலும் இதே கதைதான். உங்கள் எழுத்துகள் கார்டன் டெர்ரியும் அவர் மகள் ஜேன் வில்லியம்ஸும், 1807-லிருந்து 1821 வரை கூட்டாகத் தொழில் செய்தவர்கள். ஜேவுக்கு ஐ அடிப்பது அந்தக் கால வழக்கம். ஆனால் எழுத்தைப் புதிதாகவும் அடிக்கலாம், அதனால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கைப்பிடி தேய்ந்த அளவுக்கு எழுத்தும் தேய்ந்திருக்க வேண்டும்.

காந்தக்கை: மங்கலாக இருந்தால் விபூதி போட்டுத் தேயுங்கள். எங்கள் அம்மா குங்குமச்சிமிழுக்கு அதைத்தான் போடுவார்.

பழையவர்: விபூதியா! 200 வருடம் தாங்கிய முத்திரையை ஒரே வெள்ளிக்கிழமையில் வழித்து எடுக்கவா?

காந்தக்கை: விபூதி மாவு மாதிரி இருக்கும் ஐயா. பல்பொடிதான் கீறும்.

கப்பல்காரன்: புளி போடலாமா?

பழையவர்: புளி பித்தளைக்கு. கடவுளே.

காந்தக்கை: உங்கள் வீட்டு வெள்ளியை எதில்தான் துலக்குகிறீர்கள், அதைச் சொல்லுங்களேன்.

பழையவர்: நான் துலக்குவதே இல்லை. கறுப்பாக இருந்தால்தான் மதிப்பு.

மீனலோசனி: அது சாப்பிடும் கரண்டி ஐயா, சிலை இல்லை.

சாம்பார்க்கரண்டி: பார்த்தேன். எழுத்து ஓரமெல்லாம் மழுங்கித்தான் இருக்கிறது, ஐ மேல் ஒரு பழைய கீறலும் ஓடுகிறது. திருப்பவில்லை. விபூதி போட்டது வீட்டம்மா, நான் இல்லை. நன்றி.

பழையவர்: நீளம் இன்னும் சொல்லவில்லை.