தாப்பா வெயிலில் ஊதா ரோஜா: அனுபவப் பகிர்வு

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஊதா ரோஜாவை வளர்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தீர்கள். நானே தொடங்கி வைக்கிறேன். மலேசியாவில், கேமரன் மலையின் அடிவாரத்து ஊரான நம் தாப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பூவின் மீது ஆசை பிறக்கும் இடம் பெரும்பாலும் கேமரன் மலைதான். விடுமுறையில் மலையேறி, பிரிஞ்சாங் பக்கத்துப் பூச்செடிக் கடைகளில் கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நிற்கும் ரோஜாவைக் கண்டுவிட்டால், ஒரு தொட்டியையாவது வண்டியில் ஏற்றாமல் கீழே இறங்க மனம் வருவதில்லை.

மலையில் மொட்டுக் கட்டிய பூ, கீழே வந்த பிறகும் ஓரளவு அதே நிறத்தில் விரியும். இங்கே துளிர்த்து இங்கேயே மொட்டு வைத்த அடுத்த பூதான் வெளிறிப்போய்ச் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக வருகிறது. உடனே, வேறு செடியைக் கொடுத்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். என் பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் வருந்தினார். செடியும் அதேதான், நிறமியும் அதேதான், மாறியது தட்பவெப்பம். கேமரன் மலையின் தானா ராத்தா நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், 1,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது; இங்கே 32, 33 பாகை என்பது அன்றாட வெயில்.

ரோஜா இனத்துக்கு, நீலத்தைத் தரும் டெல்ஃபினிடின் என்னும் நிறமியை உண்டாக்கும் ஆற்றல் இயற்கையிலேயே கிடையாது. நாம் ஊதா என்று காண்பது, சிவப்பு ரோஜாவில் இருக்கும் அதே சயனிடின் நிறமிதான். இதழின் உயிரணுச் சாற்றில் புளிப்புத்தன்மை சற்றுக் குறைந்திருப்பதாலும், வேறு சில பொருள்கள் அந்த நிறமியோடு துணைசேர்வதாலும் அது ஊதாவாகத் தெரிகிறது. சிவப்பு ரோஜா வாடும் தறுவாயில் நீலம் பாரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதழ் முதிரும்போது புளிப்பு குறைவதே அதற்கும் காரணம். இந்த நிறமி குளிரில் மிகுதியாக உண்டாகும். வெப்பத்தில் குறைவாக உண்டாவதோடு சிதையவும் செய்யும். ஜப்பானின் சன்டோரி நிறுவனம், பான்சிப் பூவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல ரோஜா’கூடக் கண்ணுக்கு இளம் ஊதாவாகத்தான் இருக்கிறது.

ஆகவே நம் ஊருக்கு எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. உரமும் மருந்தும் அதற்குப் பிறகுதான். ஊதா ரோஜாவுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ஸ்டெர்லிங் சில்வர்’ வகையை அமெரிக்காவின் கிளாடிஸ் ஃபிஷர் 1957-இல் அறிமுகப்படுத்தினார். வெள்ளி பூசினாற்போன்ற நிறமும் நல்ல மணமும் உண்டு என்றாலும், குளிர்நாட்டிலேயே நோஞ்சானாக வளரும் செடி அது. இங்கே அதை வைத்து மல்லாட வேண்டாம். ஜெர்மனியின் டான்டாவ் பண்ணை 1964-இல் வெளியிட்ட ‘புளூ மூன்’ அதைவிடத் திடமானது, முள்ளும் குறைவு. என் வீட்டில் கிழக்குப் பக்கம் இருப்பது அதுதான். விடிந்து ஏழு மணிக்குப் பார்த்தால், பாதி அவிழ்ந்த மொட்டின் வெளியிதழ்கள் பின்னோக்கிச் சுருண்டு, உள்ளிதழ்களின் மடிப்பில் மட்டும் நல்ல ஊதா தேங்கி நிற்கும். எலுமிச்சை மணத்தை ஒத்த வாசம் வாசற்படி வரை வரும். நண்பகலுக்குள் விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் கரையத் தொடங்கிவிடும். அதனால் இந்த வகையைக் காலையிலேயே பறித்துப் பூச்சாடியில் வைத்துவிடுவது நல்லது. வீட்டுக்குள் அதன் நிறம் வெகுநேரம் நிற்கிறது.

வெயிலையே துணையாக்கிக்கொள்ளும் வகை வேண்டுமானால், 1978-இல் வந்த ‘பேரடைஸ்’ வகையைத் தேடிப் பாருங்கள். இளம் ஊதா இதழின் விளிம்பில் மட்டும் மாணிக்கச் சிவப்பு ஓடியிருக்கும். வெயில் பட்டால் அந்த விளிம்பு இன்னும் அழுத்தமாகிறது. நாவற்பழச் சாயலில், செம்மை தூக்கலான ‘இன்ட்ரிக்’ கொத்துக்கொத்தாகப் பூக்கும். சற்று வெளிறினாலும் அழகு குன்றுவதில்லை. குட்டையாக வளரும் ‘ஏஞ்சல் ஃபேஸ்’ தொட்டிக்கு ஏற்றது. ‘கார்டினல் த ரிஷ்லியூ’ போன்ற பழைய ஐரோப்பிய வகைகளின் படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்; அவை பனிக்கால ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை. அந்தக் குளிரை நாம் தாப்பாவில் கொடுக்க முடியாது.

கடையில் பெரும்பாலும் பெயர்ச்சீட்டு இருக்காது. பூவை மட்டும் பார்த்து வாங்காமல், வேறொரு ரோஜாவின் அடித்தண்டோடு வைத்த ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா, கீழ் இலைகள் உதிராமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

தோட்ட லயத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா நிறத்தைப் பற்றி விளக்கமாக எழுதிவிட்டார். நான் மண்ணையும் மழையையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் லயத்து வாசல்களில் ரோஜாச் செடிகள் மாண்டது வெயிலைவிட மழையால்தான்.

செம்பனைக்கும் பால்மரத்துக்கும் ஒத்துப்போகிற நம் தோட்டத்து மண் புளிப்பு மிகுந்தது. அதன் கார அமில அளவு (pH) பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். ரோஜாவோ 6-இலிருந்து 6.5 வரை உள்ள மண்ணைத்தான் விரும்பும். செம்மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால், உரம் போட்டும் செடி தேறாமல் மஞ்சளாகவே நிற்கும். நாங்கள் செம்மண்ணோடு மக்கிய எருவும், கருக்கிய உமியும், கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பும் கலந்து, சில வாரம் ஆறவிட்டுப் பிறகுதான் செடியை நடுகிறோம். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும் இலைகளை அடியில் கண்டால் மக்னீசியம் போதவில்லை என்று பொருள். செம்பனைக்குப் போடுகிற, மக்னீசியம் உள்ள கீசரைட் உரத்தில் ஒரு சிட்டிகை போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் 12:12:17 என்ற அளவில் கலந்த, நீல நிறத்தில் விற்கும் உரமும் நல்லதுதான். தொட்டிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம்.

மழைக்கு வருகிறேன். நம் பக்கத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்குகிறது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். மாலையில் நனைந்த இலை விடியும் வரை காயாது. கரும்புள்ளி நோயின் பூஞ்சைக்கு ஏழு மணி நேர ஈரம் கிடைத்தாலே போதும், இலைக்குள் இறங்கிவிடும். இலையின் மேற்புறத்தில் மை தெறித்தாற்போல் ஒரு கரும்புள்ளி விழும். உற்றுப் பார்த்தால் அதன் ஓரம் வட்டமாக இல்லாமல் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். பிறகு சுற்றிலும் மஞ்சள் படர்ந்து இலை உதிரும். ஊதா வகைகள் பலவும் இந்த நோய்க்கு எளிதில் ஆட்படுகின்றன. அதே வாசலில் நிற்கும் பன்னீர் ரோஜா மட்டும் அசைவதில்லை.

கேமரன் மலையின் பூப்பண்ணைகள் ஞெகிழிக் கூரைக்குள் இருப்பதற்கு மழையும் ஒரு காரணம். நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. வீட்டின் கிழக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் இறவாணத்துக்கு உட்பட்டுத் தொட்டியை வைத்தால் காலை வெயில் ஐந்து மணி நேரம் கிடைக்கும். பிற்பகல் வெயிலும் மழையும் இரண்டுமே படாது. இறவாணத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு வெளியே தொட்டி போகக் கூடாது. தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மழை விடாமல் பெய்யும் வாரங்களில் மாங்கோசெப் என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் விளையாடும் வாசலாக இருந்தால் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளியுங்கள்.

கோயில் நந்தவனத்தைப் பராமரிக்கும் உறுப்பினர்:

இரண்டு பகிர்வுகளும் மிகவும் பயனுள்ளவை. நம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு நம்பிக்கைகளைப் பற்றி நான் எழுத வேண்டும், ஏனென்றால் அவற்றால் நல்ல செடிகள் பாழாகின்றன.

ரோஜாவின் வேரில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் பூ நீலமாகும் என்று சொல்லிச் சிலர் அவ்வாறே செய்துவருகிறார்கள். மலையில் வேலியோரம் பந்துபந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கு அது பொருந்தும். அந்தப் பூவில் டெல்ஃபினிடின் இருப்பதால், புளிப்பு மண்ணிலிருந்து அலுமினியத்தை ஏற்று நீலமாகிறது. ரோஜாவில் அந்த நிறமி இல்லை என்பதைத் தாமான் வீட்டு ஐயா மேலே எழுதியிருக்கிறார். ஏற்கெனவே புளித்துக் கிடக்கும் நம் மண்ணில் படிகாரமும் சேர்ந்தால் வேர் கருகுவதுதான் மிச்சம்.

மற்றொன்று, இணையத்தில் சில வெள்ளிக்கு விற்கப்படும் ‘நீல ரோஜா விதை’. நந்தவனத்துக்கென்று பக்தர் ஒருவர் அன்போடு வாங்கிவந்து கொடுத்தார். முளைத்தது ஏதோ களைச்செடி. உண்மையான ரோஜா விதையாகவே இருந்தாலும் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. ரோஜாவின் நிறத்தை மாறாமல் பெறுவதற்கு ஒட்டோ பதியனோ தண்டு நடுதலோதான் வழி. மைக்கூட்டு நீலத்தில் மாலைக்கடையில் விற்கும் ரோஜா, வெள்ளைப் பூவைச் சாயத்தண்ணீரில் நிறுத்தி எடுத்தது.

நந்தவனத்து ‘இன்ட்ரிக்’ செடிகளைத் தைப்பூசத்துக்கு ஆறேழு வாரம் முன்னதாகக் கவாத்து செய்கிறோம். முருகன் சந்நிதிக்குப் பூ அந்த வாரத்திலேயே கிடைக்கிறது. பனிக்காலம் உள்ள நாடுகளில் வெட்டுவதைப் போல அடிவரை வெட்டாமல், மூன்றில் ஒரு பங்கு மட்டும், வெளிப்புறம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் போதும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரை அப்போதே கிள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் அது ஊதாக் கிளையை அமுக்கிவிட்டுத் தன் பூவைத்தான் பூக்கும். ஊதா ரோஜா வெள்ளையாகிவிட்டது என்று வியந்து என்னிடம் காட்டப்பட்ட செடிகள் எல்லாமே இப்படித்தான் இருந்தன.

கவாத்தில் கிடைக்கும் பென்சில் பருமனான தண்டுகளை நாங்கள் எறிவதில்லை. ஊதா வகையின் தண்டு தானாக வேர்விடத் தயங்குவதால், அதன் கணுமொட்டைப் பன்னீர் ரோஜாத் தண்டில் பொருத்திக் கண்ணொட்டு வைக்கிறோம். தொட்டியும் கிழக்குப் பார்த்த இறவாணமும் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு நந்தவனத்துப் பக்கம் வாருங்கள். ஒட்டுக் கூடிய செடிகளை எடுத்துக்கொள்ளலாம், எப்படி ஒட்டுவது என்பதையும் நேரில் காட்டுகிறேன்.