டாஃபடில் கிழங்குக்கு நான்கு வாரக் குளிர் போதுமா?

பழைய கிராணி: டாஃபடில் கிழங்கை நான்கு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்து நட்டால் நம் மலேசியச் சுங்கை சிப்புட்டிலும் மஞ்சள் பூ பூத்துக் குலுங்கும் என்று தம்பி செம்பனைச் செல்வன் நேற்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். 9 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த குளிரில் 12 முதல் 16 வாரம் கிடந்தால்தான் அந்தக் கிழங்கின் பூந்தண்டு ஒழுங்காக நீளும். நான்கு வாரத்தில் இலை வரும். அதை ஆட்டுக்குக்கூடப் போட முடியாது, நஞ்சு.

செம்பனைச் செல்வன்: ஐயா, சீனப் புத்தாண்டின்போது எங்கள் தாமான் குடியிருப்புக் கடையில் கூழாங்கல்லும் தண்ணீருமாகத் தட்டில் வைத்து விற்கிறார்களே, அந்தப் பூவுக்கு யார் 12 வாரம் குளிரூட்டினார்கள்? நான் சொன்ன நான்கு வாரமே அதிகம்.

மலையடிவார மல்லிகா: நீங்கள் இருவரும் வெவ்வேறு பூவைப் பற்றிப் பேசுகிறீர்கள். கடையில் இருப்பது டாஃபடிலின் உறவான, கொத்தாகப் பூக்கும் நார்சிசஸ் வகை; அதற்கும் அதைப் போன்ற வெள்ளைப் பூவான பேப்பர்வைட்டுக்கும் குளிரே தேவையில்லை. நம் ஊருக்கு ஏற்றவையும் அவைதாம். குளிர்பதனப் பெட்டியில் ஆப்பிளுக்குப் பக்கத்தில் கிழங்கை வைத்தால், பழம் விடும் எத்திலீன் வாயுவால் உள்ளிருக்கும் மொட்டு கருகிவிடும் என்பதையும் யாராவது கவனித்தீர்களா?

பழைய கிராணி: ஆப்பிள் கிடக்கட்டும் அம்மா, வாரக் கணக்குக்கு வாருங்கள். சென்ற ஆண்டு கோயில் திருவிழாவுக்கென்று இதே தம்பி கொடுத்த செண்டுமல்லி நாற்று, திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் மொட்டு விட்டது. அவருடைய வாரக் கணக்கின் இலட்சணம் அன்றே தெரிந்துவிட்டது.

செம்பனைச் செல்வன்: நாற்றை வாங்கிப் பத்து நாள் வாளியிலேயே வாட விட்டவர் பேசுகிற பேச்சா இது? கிழங்கு இங்கே வருவதற்கு முன்பே விற்பவர்களின் குளிரறையில் கிடந்திருக்கும். அதையும் கணக்கில் கொண்டுதான் இங்கே மேலும் நான்கு வாரம் போதும் என்றேன்.

பழைய கிராணி: நேற்று எழுதியதில் குளிரறை என்ற பேச்சே இல்லையே. எத்தனை நாள் கிடந்தது, எத்தனை டிகிரியில் கிடந்தது என்று இரசீதில் அச்சிட்டிருக்கிறார்களா? கேமரன் மலையில்கூட இரவுக் குளிர் வழக்கமாக 15 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, அங்கேயே போதாது என்னும்போது, பகலில் 30 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் நான்கு வாரமாம்.

மலையடிவார மல்லிகா: நடுகிற முறையையாவது கேட்டுக்கொள்ளுங்கள். நுனி மேல்நோக்கி இருக்க, கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், மணல் கலந்த தொட்டியில் நடவேண்டும். நம் சாயங்கால மழைக்குத் தண்ணீர் தேங்குகிற மண்ணில் அழுகிப் போகும். வீட்டில் வெங்காயக் கூடைப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். தோற்றம் ஒன்றுதான், குழம்பில் விழுந்தால் வீடே வாந்தி எடுக்கும்.

செம்பனைச் செல்வன்: நன்றி அக்கா, நான் தரையில்தான் நடப்போகிறேன். தைப்பூசத்துக்குள் படம் போடுகிறேன்.

பழைய கிராணி: தாராளமாகப் போடுங்கள். பூவை மட்டும் படம் பிடிக்காமல், அது முளைத்த மண்ணையும் சேர்த்துப் பிடியுங்கள். கடைத் தட்டும் கூழாங்கல்லும் தெரிந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். 12 வாரம்.

செம்பனைச் செல்வன்: நான்கு.