உப்புநீர் பாயும் தக்காளிக்கு மண் பாக்டீரியாவின் நொதி துணை செய்யுமா?

கேள்வி (திருவொற்றியூர்):
எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 12 பைகளில் தக்காளி வளர்க்கிறேன். கடல் அருகில் இருப்பதால் ஆழ்துளைக் கிணற்று நீர் எப்போதும் கரிக்கிறது. சென்ற மழையில் பைகளில் இரண்டு நாள் நீர் தேங்கியதும் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து, அடியிலைகள் பழுத்து உதிர்ந்தன. ‘ஏசிசி டீஅமினேஸ்’ என்னும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவை மண்ணில் இட்டால் செடி தாங்கும் என்று நண்பர் ஒருவர் கூறினார். அந்நொதி உப்பை நீக்குமா? அதை எப்போது இட வேண்டும்?

பதில் 1 (மணலி):
ஐயா, அந்த நொதி உப்பைத் தொடுவதே இல்லை. உப்பினால் செடிக்குள் எழும் பதற்றத்தைத்தான் தணிக்கிறது. வேர் வருந்தும்போது மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக ஏசிசி என்ற பொருள் உண்டாகி, அது ஆக்சிஜனின் துணையோடு எத்திலீன் வாயுவாகிறது. வாழைக்காயைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான் இலையையும் முதுமையாக்கி உதிர்க்கிறது. நீர் தேங்கிய வேரில் ஆக்சிஜன் இல்லாததால், அங்கு சேரும் ஏசிசி தண்டு வழியே மேலேறி இலைகளில் எத்திலீனாக மாறுகிறது. தாங்கள் கண்ட காம்பு வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. தக்காளியில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

பாக்டீரியா இந்நொதியை மண்ணில் சுரப்பதில்லை. வேரிலிருந்து கசியும் ஏசிசியை உள்வாங்கி, தன் செல்லுக்குள்ளேயே அதை அம்மோனியாவாகவும் ஆல்ஃபா கீட்டோபியூட்டிரேட்டாகவும் உடைத்துக்கொள்கிறது. அதற்கு அது நைட்ரஜன் உணவு. செடிக்கோ எத்திலீன் சுமை குறைகிறது. 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹொன்மாவும் ஷிமோமுராவும் இந்நொதியை அறிவித்தனர். கனடாவின் பெர்னார்ட் கிளிக் குழுவினர் 1998இல் இது செடிக்கு உதவும் முறையை விளக்கினர். 2004இல் வெளியான ஆய்வில், இஸ்ரேலின் அரவா வறண்ட பகுதியில் எடுத்த பாக்டீரியா, உப்புநீரில் வளர்ந்த தக்காளி நாற்றுகளுக்குத் துணைசெய்தது.

காலம்தான் முக்கியம். ஏசிசியை எத்திலீனாக்கும் செடியின் சொந்த நொதி அதை மிக இறுக்கமாகப் பற்றக்கூடியது. அது பெருகிவிட்டால் பாக்டீரியாவால் போட்டியிட இயலாது. எனவே நாற்று நடும்போதே பாக்டீரியா வேரில் குடியேறியிருக்க வேண்டும்.

பதில் 2 (மீஞ்சூர்):
எங்கள் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சூடோமோனாஸ் என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாப் பேரினம்; அதன் எல்லா வகைகளிலும் இந்நொதி இருப்பதில்லை. கடைகளில் கிடைக்கும் சூடோமோனாஸ் பொட்டலம் பெரும்பாலும் நோய்த்தடுப்புக்கானது. ஆகவே அதில் இருக்கும் வகையைக் கேட்டறிந்தே வாங்குங்கள். ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பது நல்லது. குளோரின் கலந்த குழாய்நீரை ஓரிரவு திறந்து வைத்த பின்னரே ஊற்றுங்கள். தாமிரப் பூஞ்சணக்கொல்லியோடு கலக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பைகளில் ஏற்கெனவே படிந்த உப்பை என்ன செய்வது?

பதில் 2:
அதற்கு மழைநீரே வழி. பையின் அடித்துளைகளைத் திறந்துவிட்டு, சேமித்த மழைநீரை அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். தேங்காய் நார்க்கழிவு சேர்த்திருந்தால் அதிலேயே உப்பு இருக்கக்கூடும். அடுத்த முறை நன்கு அலசிவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.