மாண்டோவி யாருடைய ஆறு?

பவானிக்கரையான்:
உடுமலை அன்பர் தமது பயணக் குறிப்பில், "கோவா வெறும் கடற்கரைதான், அதற்கென்று மலையும் கிடையாது, ஆறும் கிடையாது, மாண்டோவிகூடக் கர்நாடகத்து ஆறு" என்று எழுதியிருக்கிறார். நான்கு நாள் கலங்குட் கடற்கரை மணலில் படுத்திருந்தவர் ஒரு மாநிலத்தின் நிலவியலுக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. 3,702 சதுர கி.மீ. பரப்புள்ள அந்தச் சிறிய மாநிலத்தின் கிழக்கு விளிம்பு நெடுகிலும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் நிற்கிறது. தூத்சாகர் அருவி அங்கேதான் 310 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மாண்டோவி 52 கி.மீ. தூரம் கோவாவுக்குள் ஓடி, பணஜியைத் தொட்டுக் கடலில் சேர்கிறது. அது கோவாவின் ஆறு.

உடுமலை அன்பர்:
அண்ணா, நம் கோவை மாவட்டமே கோவாவைவிடப் பெரியது. அதற்குப் போய் இவ்வளவு கோபம் வேண்டாம். மாண்டோவி பிறப்பது பெலகாவி மாவட்டத்துப் பீம்காட் காடுகளில். அங்கே அதற்கு மகதாயி என்று பெயர். ஊற்று எங்கே இருக்கிறதோ, ஆறு அந்த ஊருக்குத்தான் சொந்தம்.

பவானிக்கரையான்:
பிறந்த இடம்தான் கணக்கு என்றால், நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் போய்த் திரும்பி வரும் எங்கள் பவானியைப் பற்றிக் கேரளம் வாய்திறக்கவே கூடாது. சிறுவாணி அணையோ கேரளத்தில் இருப்பதால் கோவைக்காரர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. இதை ஒப்புக்கொள்வீர்களா? பரப்பளவைக் கேட்டவர் யார்? நான் கேட்டது ஆற்றை. மாண்டோவி கோவாவின் ஆறு.

திருப்பூர் தறிக்காரர்:
நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதே இல்லை. முழுக்க நமக்கே சொந்தமான அந்த ஆற்றைச் சாயக்கழிவு ஓடையாக்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேக்கி, கீழே உள்ள காடு தோட்டங்களைக் கெடுத்தோம். நமக்கு அடுத்தவர் ஆற்றைப் பற்றிப் பேச வாயில்லை.

உடுமலை அன்பர்:
தறிக்காரர் எந்தப் பேச்சானாலும் சாயப்பட்டறைக்கே இழுத்து வருகிறார். சென்ற மாதம் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி நான் எழுதியபோதும் இதே வேலையைத்தான் செய்தார். நான் அதை மறக்கவில்லை. மகதாயிக்கு வருகிறேன். 2018-இல் நடுவர் மன்றமே கர்நாடகத்துக்கு 13.42 டி.எம்.சி. ஒதுக்கியது. சொந்தமில்லாதவருக்கு ஒதுக்குவார்களா?

பவானிக்கரையான்:
அதே தீர்ப்பில் கோவாவுக்கு 24 டி.எம்.சி. ஒதுக்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மகதாயியில் சேரும் கலசா, பண்டூரி ஓடைகளைக் கர்நாடகம் தன் மலப்பிரபா ஆற்றுக்குத் திருப்பினால், மேற்கே போக வேண்டிய நீர் கிழக்கே போய்விடும். மாண்டோவியில் கடல் ஓதம் வெகுதூரம் உள்ளே ஏறி வருவது. மேலிருந்து வரும் நன்னீர் குறையக் குறைய உப்பு இன்னும் மேலே ஏறும். கரை கட்டி, மதகு வைத்து, ஓதத்தைத் தடுத்து நெல் விளைவிக்கும் கஜான் நிலங்களின் கதியை எண்ணிப் பாருங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் மேற்கு நோக்கிய நீரைக் கிழக்கே திருப்பித் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து பாசனம் செய்யும் உடுமலையில் இருந்துகொண்டு, ஊற்று இருக்கும் ஊருக்கே ஆறு சொந்தம் என்கிறீர்கள்.

உடுமலை அன்பர்:
எங்கள் வாய்க்காலை இதில் இழுக்காதீர்கள். அது இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர். எங்கள் தென்னை நிற்பதே அதை நம்பித்தான்.

திருப்பூர் தறிக்காரர்:
அந்த வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்பதையும் உடுமலை அன்பர் எழுதட்டும்.

உடுமலை அன்பர்:
மகதாயி பெலகாவியில் பிறக்கிறது. இதை மறுக்க உங்கள் இருவராலும் முடியாது.

பவானிக்கரையான்:
பிறக்கிறது என்பதை நான் எப்போது மறுத்தேன்? ஆறே கிடையாது என்று எழுதினீர்களே, முழுக்க கோவாவுக்குள்ளேயே பிறந்து, ஓடி, கடல் சேரும் ஜுவாரியை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? கும்பர்ஜுவா கால்வாய் அதையும் மாண்டோவியையும் இணைத்துக்கொண்டு கிடப்பதையாவது பார்த்தீர்களா? மாண்டோவி கோவாவின் ஆறு. உங்கள் குறிப்பைத் திருத்துங்கள்.

உடுமலை அன்பர்:
திருத்த மாட்டேன். ஊற்று பெலகாவியில் இருக்கிறது.