ஆன்சன் டோரன்ஸ் கோச்சை நேர்ல பாத்தவங்க, கேம்ப்புக்கு பொண்ணை அனுப்பினவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

கேரி_அப்பா:
நாங்க நார்த் கரோலினால கேரில இருக்கோம், பொண்ணு கிளப் சாக்கர் (ஃபுட்பால்) ஆடறா. இந்தப் பக்கம் சாக்கர் ஆடற எந்தப் பொண்ணைக் கேட்டாலும் சேப்பல் ஹில் யுனிவர்சிட்டி பேர் வந்துடும், அதுக்குக் காரணம் ஒரே மனுஷன், டோரன்ஸ். 1979ல அங்க பொண்ணுங்களுக்கு டீம் ஆரம்பிச்சப்போ அவர் ஏற்கனவே ஆண்கள் டீமுக்கு கோச், ரெண்டையும் சேத்து பாத்துக்கோன்னு சொன்னாங்க, பாத்தார். லா படிச்சுட்டு இருந்தவர் அதை பாதில விட்டவர். 2024 ஆகஸ்ட்ல, சீசன் தொடங்க சில நாளே இருக்கும்போது ரிட்டயர் ஆயிட்டார். 22 தேசிய பட்டம்! பிறந்தது எங்க தெரியுமா, நம்ம பம்பாய்ல, 1951ல. அப்பாவுக்கு எண்ணெய் கம்பெனி வேலை, அதனால கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர்னு ஊர் ஊரா வளர்ந்திருக்கார். அவரைப் பாத்தவங்க எழுதுங்க, எனக்கு நிஜமாவே கேக்கணும்.

பழைய_ஸ்டூடண்ட்:
நான் அங்க எம்.எஸ். படிச்சப்போ 1993. பேஸ்கட்பால் டிக்கெட் கிடைக்காது, சாக்கருக்கு சுலபமா போயிடலாம்னு ரூம்மேட் கூட்டிட்டு போனான். அதுக்கப்புறம் நான் தனியாவே போக ஆரம்பிச்சேன். பின்னாடி உலகமே கொண்டாடின பிளேயர் மியா ஹாமோட கடைசி காலேஜ் வருஷம் அது. ஃபைனல் நம்ம ஃபெட்ஸர் ஃபீல்டுலயே, ஜார்ஜ் மேசன் டீமோட, 6-0. ஊர்ல கிரிக்கெட் மட்டும் பாத்து வளர்ந்த எனக்கு பொண்ணுங்க அப்படி முட்டி மோதி ஆடறதப் பாத்தது அதான் முதல் தடவை, விழுந்தா தட்டி விட்டுட்டு எழுந்து அடுத்த பாலுக்கு ஓடறாங்க. டோரன்ஸ் ஓரமா நின்னுட்டு இருப்பார், நான் பாத்த வரைக்கும் பெருசா கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணல. அந்த காலத்துல அவங்க தொடர்ச்சியா 92 மேட்ச் ஜெயிச்சாங்க, 1994ல நோட்ர டேம் 0-0 டிரா பண்ணி நிறுத்துச்சு. அதுக்கு நடுவுல இவரே அமெரிக்க டீமுக்கும் கோச், 1991ல சீனால நடந்த முதல் பெண்கள் உலகக்கோப்பைல நார்வேய 2-1னு ஜெயிச்சாங்க, ரெண்டு கோலும் மிஷெல் ஏக்கர்ஸ். அந்த டீம்ல பாதி பேர் சேப்பல் ஹில் பொண்ணுங்க.

மோரிஸ்வில்_அம்மா:
என் பெரியவ அங்க சம்மர் கேம்ப் போனா. அந்த டீம்ல எல்லாத்துக்கும் கணக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு ஆடறது, ஹெட்டிங், ஓட்டம், எதுல யார் ஜெயிச்சாங்கன்னு ஒவ்வொரு பிராக்டிஸ்லயும் எழுதி ரேங்க் போட்டு எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டுவாங்க. அங்கேயே பேஸ்கட்பால் கோச்சா இருந்த டீன் ஸ்மித்தோட பிராக்டிஸ்ல எல்லாத்தையும் எழுதி வெக்கறதப் பாத்துட்டுத்தான் டோரன்ஸ் இதை ஆரம்பிச்சார். பொண்ணுங்களுக்கு ஃப்ரெண்டை தோக்கடிக்கவே சங்கடமா இருக்கும், நம்ம வீட்டுலயும் "விட்டுக்கொடு விட்டுக்கொடு"ன்னே சொல்லி வளக்கறோம், ஜெயிக்க ஆசைப்படறது தப்பில்லன்னு தினமும் காட்டணும்ங்கறதுதான் அவர் நோக்கம். அதே சமயம் டீமுக்குன்னு சில கொள்கை இருக்கு, அதை மனப்பாடமா ஒப்பிக்கணும், முதல் கொள்கையே புலம்பக்கூடாதுங்கறது. அதை கடைபிடிக்கறாளான்னு கூட ஆடறவங்களே மார்க் போடுவாங்க. என் பொண்ணு அதை வீட்டு சுவத்துல எழுதி ஒட்டிட்டா, சின்னவ சாப்பாட்டை குறை சொன்னா அதைக் காட்டுவா.

ராலே_சுதா (புனைபேர்தான்):
எல்லாரும் நல்லதே எழுதறீங்க, நானும் அவர் சாதனைய மதிக்கறவதான், ஆனா பொண்ணு வெச்சிருக்கவங்க இன்னொரு பக்கமும் தெரிஞ்சுக்கணும். 1998ல ரெண்டு முன்னாள் பிளேயர்ஸ் அவர் மேல கேஸ் போட்டாங்க, பொண்ணுங்களோட அந்தரங்க வாழ்க்கைய பத்தி அவர் பேசக்கூடாததப் பேசினார்னு. ஒண்ணு 2004ல முடிஞ்சுது, இன்னொண்ணு பத்து வருஷம் இழுத்து 2008ல யுனிவர்சிட்டி 385,000 டாலர் கொடுத்து செட்டில் பண்ணுச்சு. தொந்தரவு கொடுத்தேன்ங்கறத அவர் கடைசி வரைக்கும் மறுத்தார், ஆனா அந்த மாதிரி பேச்சுல தானும் கலந்துகிட்டது சரியில்லன்னு மன்னிப்பு லெட்டர் எழுதினார். 18, 19 வயசுப் பொண்ணு, அவளுக்கு இடம் கிடைக்கறதும் ஸ்காலர்ஷிப்பும் அந்த ஒருத்தர் கைல, எதிர்த்துப் பேச எவ்ளோ தைரியம் வேணும். என் பொண்ணுக்கு கோச் தேடறப்போ பட்டத்தை மட்டும் நான் எண்ண மாட்டேன், அங்க ஆடி முடிச்சு வெளிய வந்த பொண்ணுங்ககிட்ட பேசுவேன். எல்லா பேரண்ட்ஸும் தயவுசெஞ்சு அதைப் பண்ணுங்க.

கேரி_அப்பா:
சுதா, நல்லவேளை எழுதினீங்க, இது தெரியாம நிறைய பேர் இருக்கோம். நாங்க 2024 டிசம்பர் ஃபைனலுக்கு குடும்பத்தோட போனோம், கேரிலயே வேக்மெட் பார்க்ல, செம குளிர். டோரன்ஸ் இல்லாத முதல் சீசன், அவர்கிட்ட அசிஸ்டண்ட்டா இருந்த டேமன் நாஹஸ் இடைக்கால கோச், எதிர்ல வேக் ஃபாரஸ்ட். 1-0னு ஜெயிச்சாங்க, 2012க்கு அப்புறம் இப்பதான் கோப்பை. நடுவுல மூணு தடவை ஃபைனல் வந்து தோத்திருக்காங்க, அதனால பக்கத்துல இருந்த வயசான தாத்தா பாட்டியெல்லாம் எழுந்து குதிச்சாங்க.

கோச்_ஆகணும்:
நான் இங்க காலேஜ் படிக்கறேன், சின்னப் பசங்க டீமுக்கு வாலண்டியரா கோச்சிங் பண்றேன். எனக்கு அவர் கதைல முக்கியம் அவர்கிட்ட ஆடினவங்க என்ன ஆனாங்கங்கறது. 1991 உலகக்கோப்பைல கேப்டனா இருந்த ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் பின்னாடி அமெரிக்க டீமுக்கே கோச் ஆகி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல தங்கம் ஜெயிச்சாங்க. சிண்டி பார்லோ கோன் அங்க ஆடி, அங்கயே அசிஸ்டண்ட் கோச்சா இருந்து, 2013ல போர்ட்லண்ட் டீமுக்கு கோப்பை வாங்கிக் கொடுத்து, 2020ல அமெரிக்க சாக்கர் சங்கத்துக்கே தலைவர் ஆனாங்க. ஆனா இவங்கள மாதிரி ஆட்கள் கம்மி. 1972ல டைட்டில் நைன்னு, படிப்பு விளையாட்டு ரெண்டுலயும் ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற அமெரிக்க சட்டம் வந்தப்போ காலேஜ் பெண்கள் டீம்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பெண் கோச்சுங்கதான், அப்புறம் சம்பளமும் மரியாதையும் வந்ததும் ஆண்கள் நிறைய வந்துட்டாங்க, இப்ப பெண் கோச்சுங்க பாதிகூட கிடையாது. அதனாலதான் எனக்கு இதுல இவ்ளோ பிடிவாதம். அம்மா அப்பாவுக்கு நான் கம்ப்யூட்டர் படிச்சு செட்டில் ஆகணும், நான் ரெண்டும் பண்றேன்னு சொல்லியிருக்கேன். யு.எஸ். சாக்கர் சங்கம் கோச்சுங்களுக்குக் கொடுக்கற டி லைசென்ஸ் கோர்ஸ் முடிச்ச அக்கா யாராவது இங்க இருந்தா, கேரி, ராலே பக்கம் எங்க நடக்குது, எவ்ளோ செலவாகும், வேலையும் படிப்பும் வெச்சுகிட்டு முடிக்க முடியுமான்னு சொல்லுங்க ப்ளீஸ்.