67 மஸ்டாங் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, எதை எல்லாம் பாக்கணும் சொல்லுங்கண்ணே

தண்டையார்பேட்டை தினேஷ்:
அண்ணன்களுக்கு வணக்கம். மாதவரம் பக்கம் ஒரு குடோன்ல 1967 ஃபோர்டு மஸ்டாங் நிக்குது, ரெண்டு கதவு ஹார்டுடாப், சிவப்பு, லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். ஓனர் தவறிட்டாரு, புள்ளைங்க வெளியூர்ல செட்டில் ஆயிட்டாங்க, புரோக்கர் மூலமா விக்கிறாங்க. ஃபுல்லா ரீஸ்டோர் பண்ண வண்டி, 289 கன இஞ்ச் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இஞ்சின், ஜிடிங்குற ஸ்பெஷல் மாடல்னு புரோக்கர் சொல்றாரு. பெயிண்ட்ல மூஞ்சி தெரியுது, ஸ்டார்ட் பண்ணி காட்டுனாங்க, அந்த சத்தத்தை கேட்டதுல இருந்து வேற எதுலயும் மனசு போகல. அப்பா ராயபுரத்துல லேத் பட்டறை வச்சிருந்தவரு, இரும்பு வேலை கொஞ்சம் தெரியும், ஆனா அமெரிக்கன் வண்டி நமக்கு புதுசு. கேக்குற விலைக்கு மணலியில வாங்கிப் போட்ட கிரவுண்டை வித்தா தான் ஆகும், அதனால தான் கேக்குறேன். முதல்ல எதை பாக்கணும், பேப்பர் என்னென்ன இருக்கணும், நம்ம ஊர் வெயில்ல இது தாங்குமா?

வியாசர்பாடி டிங்கர்:
தம்பி, பெயிண்டை பாத்து மயங்காத. நான் டிங்கர் வேலை செய்றவன், எவ்ளோ பெரிய ஓட்டையா இருந்தாலும் பட்டி வச்சு தேச்சு பெயிண்ட் அடிச்சா மூஞ்சி தெரியும். பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தை கழட்டிக்கோ, மெல்லிசு துணியில சுத்தி பின் வீல் வளைவு, கதவு அடிப்பக்கம், பேட்டரி தட்டுக்கு கீழ எல்லாம் வச்சு பாரு, எங்க புடிக்காம நழுவுதோ அங்க பட்டி தான் தடியா இருக்கு.

இந்த மஸ்டாங்ல ஒரு பிறவி நோய் இருக்கு. வைப்பருக்கு கீழ ஜாலி இருக்கும்ல, காத்து உள்ள போற வழி, அதுக்கு அடியில தகரம் துருப்புடிச்சு ஓட்டை விழும், மழைத் தண்ணி நேரா உள்ள கால் வைக்கிற தரைக்கு இறங்கி அதையும் தின்னுடும். ஒரு குடம் தண்ணியை அந்த ஜாலியில மெதுவா ஊத்து, உள்ள மேட்டை தூக்கி தொட்டுப் பாரு, ஈரம் இருந்தா கதை முடிஞ்சுது. டேஷ்போர்டை கழட்டி ஸ்பாட் வெல்டை ஒவ்வொண்ணா தோண்டி எடுத்து பண்ற வேலை அது, சும்மா மேலோட்டமா அடைச்சு விட்டா அடுத்த மழைக்கு திரும்ப ஒழுகும். லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது இதுக்கு, பாடி தான் பலமே, அதனால தரை போனா வண்டியே போன மாதிரி.

இன்னொண்ணு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்த குடோன்ல தண்ணி நின்னுச்சான்னு அக்கம்பக்கத்துல விசாரி. புரோக்கர் கிட்ட கேக்காத, எதிர் டீக்கடையில கேளு.

சோழவரம் ரசிகன்:
டிங்கர் அண்ணன் சொன்னது சரி, ஆனா அதுக்கும் முன்னாடி நம்பரை பாருங்க தினேஷ். சோழவரம் ஏர்ஸ்டிரிப்ல ரேஸ் நடந்த காலத்துல இருந்து எனக்கு இந்த வண்டிங்க மேல பைத்தியம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கோங்க. பானெட்டை தூக்குனா லெஃப்ட் சைடு ஃபெண்டருக்கு உள்பக்கம் தகரத்துலயே ஒரு நம்பர் குத்தியிருக்கும். முதல் 7ன்னா 1967, அடுத்த எழுத்து எந்த ஃபேக்டரி (ஆர்னா சான் ஹோசே, எஃப்னா டியர்பார்ன்), அப்புறம் 01ன்னா ஹார்டுடாப், 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வெர்டிபிள், அஞ்சாவது இடத்துல இருக்குற எழுத்து தான் ஃபேக்டரியில வச்ச இஞ்சின். சி, ஏ, கே மூணும் 289, எஸ்னா 390, டி ஃபார் டைகர் டி இருந்தா அது ஆறு சிலிண்டர் 200 கன இஞ்ச், 120 குதிரை சக்தி தான். ஜிடி பேக்கேஜ் வி8 வண்டிக்கு மட்டும் தான் குடுத்தாங்க. கதவுல ரிவெட் அடிச்ச பிளேட்டை நம்பாதீங்க, அது புதுசாவே செஞ்சு விக்கிறாங்க.

அப்புறம் சக்கரத்துல எத்தனை நட்டுன்னு எண்ணிப் பாருங்க. வி8 வண்டிக்கு அஞ்சு, ஆறு சிலிண்டருக்கு நாலு.

எண்ணூர் உப்புக்காத்து:
பேப்பர் விஷயம் நான் சொல்றேன் ப்ரோ. ஓனர் இறந்துட்டாருன்னா புரோக்கர் கையெழுத்து செல்லாது, வாரிசு சர்டிபிகேட் வேணும், முதல்ல வாரிசு பேருக்கு ஆர்சி மாறணும், அப்புறம் தான் ஃபார்ம் 29, 30 போட்டு உங்க பேருக்கு வரும். அந்தக் காலத்துல வெளிநாட்டு வண்டியை இஷ்டத்துக்கு இறக்க முடியாது, அதனால இது எப்படி உள்ள வந்துச்சு, கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கான்னு அவசியம் கேளுங்க. லெஃப்ட் ஹேண்ட் டிரைவுக்கு வேலை செய்ற இண்டிகேட்டர் கண்டிப்பா இருக்கணும், மோட்டார் வாகன சட்டம் 120வது பிரிவு.

2021 ஜூலையில வின்டேஜ் வண்டிக்குன்னு தனி ரூல் கொண்டு வந்தாங்க, முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், ரெனிவல் 5,000. ஆனா அதுல பதிஞ்சா கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடன்னு தான் ரோட்டுல எடுக்கலாம், தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. சேஸிஸ், பாடி, இஞ்சின் பெருசா மாத்தாம ஒரிஜினலா இருக்கணும்.

தண்டையார்பேட்டை தினேஷ்:
அண்ணே, இன்னைக்கு போய் பாத்தேன். நட்டு நாலு தான் இருக்கு. உள்ள குத்துன நம்பர் 7ஆர்01டின்னு ஆரம்பிக்குது, டைகர் டி. ஆனா பானெட்டுக்குள்ள இருக்குறது நிச்சயமா வி8, எட்டு பிளக் எண்ணிட்டேன். தண்ணி ஊத்த விடல, பாலிஷ் கெட்டுடும்னு சொன்னாங்க.

சோழவரம் ரசிகன்:
அப்ப இது ஜிடியே இல்ல, ஆறு சிலிண்டர் வண்டியில யாரோ வி8 இறக்கியிருக்காங்க. பேட்ஜ் ஒட்டுறதும் கிரில்ல ஃபாக் லைட் வைக்கிறதும் சுலபம். எனக்கு பயமே பிரேக் பத்தி தான். நாலு நட்டுன்னா டிரம் 9 இஞ்ச் சின்ன டிரம், பின் ஆக்ஸிலும் லேசானது, அதை வச்சிக்கிட்டு 200 குதிரையை ஜிஎன்டி ரோட்டுல லாரிங்களுக்கு நடுவுல நிறுத்தணும், யோசிச்சு பாருங்க. ஆர்சியில சிசி என்னன்னு பாருங்க, 3300 பக்கம் இருந்தா பழைய ஆறு சிலிண்டர் இஞ்சின் விவரம் தான், மாத்துனதை ஆர்டிஓல ஏத்தவே இல்ல.

வியாசர்பாடி டிங்கர்:
தண்ணி ஊத்த விடலன்னா ஒழுகுதுன்னு அவங்களுக்கே தெரியும். நானா இருந்தா விட்டுட்டு வந்துடுவேன்.

பெரம்பூர் லோகோ:
எல்லாரும் வேணாம்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். ஆறு சிலிண்டர் மஸ்டாங் மட்டமான வண்டி இல்லண்ணே, அமெரிக்காவுல சாதா ஜனங்க லட்சக்கணக்குல வாங்கி ஓட்டுனது அதைத் தான். முன் பாரம் கம்மி, நம்ம மே மாச வெயில்ல ரேடியேட்டர் கொதிக்கிறதும் கம்மி. கழட்டுன பழைய இஞ்சின் குடோன்லயே எங்கயாச்சும் கெடக்குதான்னு கேளுங்க, இருந்தா அதையும் சேர்த்து பேசுங்க, திரும்ப ஏத்திட்டா ஆர்சியும் ஒத்துப்போகும், வின்டேஜ்லயும் பதியலாம். எந்த இஞ்சினா இருந்தாலும் ஹெட்டை இறக்கி கெட்டியான வால்வ் சீட் போட்டிருக்கான்னு பாருங்க, ஈயம் கலந்த பெட்ரோலுக்கு செஞ்ச வண்டி அது, இப்ப ஈயம் இல்லாத பெட்ரோல்ல பழைய சீட் தேஞ்சுடும். இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறி விட்டுடும், அதையும் மாத்தணும்.

ஆனா விலை வி8 ஜிடி விலையா இருக்கக் கூடாது. அதுல பாதிக்கும் கீழ தான் பேச்சையே ஆரம்பிக்கணும்.

தண்டையார்பேட்டை தினேஷ்:
ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். ஆர்சி காப்பி கேட்டேன், முதல்ல டோக்கன் அட்வான்ஸ் போடு, வேற பார்ட்டி வெயிட்டிங்னு சொல்றாரு புரோக்கர்.

எண்ணூர் உப்புக்காத்து:
ஒத்த ரூபாய் குடுக்காதீங்க. ஆர்சி காப்பி வரட்டும், வாரிசு கூட வீடியோ கால்ல பேசுங்க, அதுக்கப்புறம் பாத்துக்கலாம். அந்த வேற பார்ட்டி வாங்குனா வாங்கிக்கட்டும்.